டெல்லி கணேஷ்: அடிக்கடி வர்ற கேள்விகளும் என்னோட பதில்களும்

பழைய படங்களைப் பத்தி பேசுற இடத்துல நடிகர் டெல்லி கணேஷ் சார் பேரை நான் எடுத்தாலே கொஞ்ச நேரத்துல இந்தக் கேள்விங்கதான் வரிசையா வரும், ஒவ்வொரு தடவையும் தனித்தனியா டைப் பண்ணி டைப் பண்ணி இப்ப ஒரே இடத்துல எழுதி வச்சிரலாம்னு உக்காந்துட்டேன். சில கேள்விக்கு ரெண்டு வரிதான், சிலதுக்கு நீளமா போயிருக்கேன், எனக்கு எங்க சொல்ல நெறைய இருந்துச்சோ அங்க சொல்லியிருக்கேன்.

டெல்லி கணேஷ்னா டெல்லில பொறந்தவரா?

இல்லைங்க. சுத்தமான தாமிரபரணிக்காரர். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்கே வல்லநாடு, வெளிமான் சரணாலயம் இருக்கிற ஊரு, அங்க 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி பொறந்தார். அப்ப தூத்துக்குடி தனி மாவட்டமே கிடையாது, எல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான். பேரு கணேசன். முன்னாடி இருக்கிற டெல்லி, அங்க வேலை பாத்து அங்கயே நாடகம் போட்டதால வந்தது, சினிமாவுக்கு வந்தப்ப கே. பாலசந்தர் வச்ச பேரு அது. ஒருத்தரோட நாடக வாழ்க்கையே பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஏர்ஃபோர்ஸ்ல இருந்தாராமே, நிஜமா?

நிஜம்தான். 1964லேர்ந்து 1974 வரைக்கும் இந்திய விமானப்படைல வேலை பார்த்தார், பத்து வருஷம். அந்தக் காலத்துல டெல்லில தமிழ் ஆளுங்க நெறைய பேரு, சென்ட்ரல் கவர்மெண்ட் ஆபீஸ், ரேடியோ, பட்டாளம்னு, அவங்களுக்கு ஊரு ஞாபகம் வந்தா சாயங்காலம் போய் உக்கார ஒரு தமிழ் நாடகம் வேணும். தட்சிண பாரத நாடக சபான்னு ஒரு குழு அங்க நாடகம் போட்டுட்டு இருந்துச்சு, அதுலதான் இவர் நடிச்சார். பூர்ணம் விஸ்வநாதனும் டெல்லி ஆல் இந்தியா ரேடியோல இருந்தவர்தான்னு நெனச்சுப் பாருங்க, தமிழ் சினிமாவோட ரெண்டு அருமையான குணச்சித்திர நடிகர்கள் மெட்ராஸ்ல இல்லாம அத்தனை தூரத்துல தமிழ் வசனம் பேசிப் பழகியிருக்காங்க.

பட்டாளத்து வேலை நடிப்புக்கு என்ன பண்ணுச்சுன்னு கேப்பாங்க. என் கணிப்பைச் சொல்றேன், அவரோட நிக்கிற விதத்துல அது இருக்கு. எவ்வளவு தளர்ந்த கேரக்டரா இருந்தாலும் ஃப்ரேம்ல அவர் நிக்கிற இடம் கச்சிதமா இருக்கும், தேவையில்லாம ஒரு அடி நகர மாட்டார்.

சென்னைக்கு வந்து என்ன பண்ணார்?

காத்தாடி ராமமூர்த்தியோட ட்ரூப்ல சேர்ந்து நாடகம். விசு எழுதின நாடகங்கள் ஓடிட்டு இருந்த காலம் அது. பாலசந்தர் கண்ணுல பட்டதும் இந்த நாடக மேடை வழியாத்தான்.

சபா நாடகம்னா என்ன? அதுல என்ன பெருசா கத்துக்க முடியும்?

இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதைப் புரிஞ்சுக்கிட்டா டெல்லி கணேஷ் சாரை பாதி புரிஞ்சுக்கிட்ட மாதிரி.

சென்னைல மயிலாப்பூர், தி.நகர் பக்கமெல்லாம் சபாக்கள் இருக்கு, மெம்பர்ஸ் வருஷச் சந்தா கட்டுவாங்க, அவங்களுக்காகக் கச்சேரி, நாடகம்லாம் நடக்கும். நடிக்கிறவங்க பெரும்பாலும் பகல்ல பேங்க்லயோ கம்பெனிலயோ வேலை பாக்கிறவங்க, சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு ஒத்திகை, சனி ஞாயிறு மேடை. செட்டுன்னு பெருசா ஒண்ணும் இருக்காது, ஒரு சோஃபா, ஒரு டீப்பாய், ஒரு வாசக்கதவு, அதுக்குள்ள ஒரு குடும்பமே வாழ்ந்துட்டுப் போகும். மேல மைக் தொங்கும், அதுக்கு நேரா நின்னு பேசினாதான் கடைசி வரிசைக்கு கேக்கும், ஆனா மைக்குக்காக நிக்கிறோம்னு பாக்கிறவங்களுக்குத் தெரியவும் கூடாது.

அங்க முக்கியமான பாடம் சிரிப்புக்குக் காத்திருக்கிறது. ஒரு ஜோக் சொன்னீங்கன்னா ஹால் சிரிக்கும், அந்தச் சிரிப்பு மேல ஏறி உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கிற நேரத்துல அடுத்த டயலாக்கை எடுக்கணும், முன்னாடியே எடுத்தா சிரிப்புச் சத்தத்துல டயலாக் காணாம போயிரும், முழுசா அடங்கின பிறகு எடுத்தா மேடை செத்துப் போயிரும். சரி, அந்த மூணு நாலு செகண்ட் சும்மா நிக்க முடியுமா? எதிர்ல இருக்கிறவர் சொன்னதை உள்ள வாங்கி, மூஞ்சில ஏதோ ஒண்ணு நடந்துட்டே இருக்கணும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்றேன், டெல்லி கணேஷ் சார் பேசறதுல மட்டும் கெட்டிக்காரர் இல்ல, கேக்கறதுலதான் பெரிய கெட்டிக்காரர். அடுத்தவர் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்க, அந்தக் கதாபாத்திரம் அப்பதான் அந்த வார்த்தையை முதல் தடவையா கேக்குது. டயலாக் முடியட்டும் நம்ம டர்ன் வரும்னு காத்துட்டு நிக்கிற நடிகர்கள் எவ்வளவோ பேர் இருக்காங்க, இவர்கிட்ட அதை நீங்க ஒரு ஷாட்லகூட பாக்க முடியாது.

முதல் படம் எது?

'பட்டினப் பிரவேசம்', 1977. பாலசந்தர் டைரக்‌ஷன், விசுவோட நாடகம்தான் படமாச்சு. கிராமத்துக் குடும்பம் ஒண்ணு பட்டணத்துக்கு வந்து சீரழியற கதை. அப்ப அவருக்கு வயசு முப்பத்திரண்டு முப்பத்து மூணுதான் இருக்கும். அதுக்கப்புறம் பாத்தீங்கன்னா சீக்கிரமே அப்பா வேஷம், மாமா வேஷம், பெரியவர் வேஷம். நாடகத்துல வயசு மீறின வேஷம் சகஜம், அதனால அவருக்கு அது ஒரு குறையாவே இருந்திருக்காதுன்னு நெனைக்கிறேன்.

'பசி' படத்துல நடிச்சவர் இவர்தானா? அடையாளமே தெரியலையே?

இவரேதான். அடையாளம் தெரியாததுதான் விஷயமே.

1979ல துரை டைரக்ட் பண்ண படம், சென்னைச் சேரி வாழ்க்கை, குப்பை பொறுக்கிற பொண்ணு குப்பம்மாவா ஷோபா, அந்தப் படத்துக்காக அந்தப் பொண்ணுக்கு சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைச்சுது. குப்பம்மாவோட அப்பா முனியாண்டி, ரிக்‌ஷா ஓட்டுறவர், அதுதான் டெல்லி கணேஷ். வல்லநாட்டுல பொறந்து டெல்லில வேலை பாத்த ஒருத்தர், மெட்ராஸ் வந்து சில வருஷத்துக்குள்ள மெட்ராஸ் பாஷை பேசிக்கிட்டு, உடம்புல ரிக்‌ஷா மிதிக்கிறவனோட களைப்போட நிக்கிறார். வீட்டுல நெறைய புள்ளைங்க, கைல காசு இல்ல, பாசமும் கோவமும் ஒரே நேரத்துல வர்ற ஒரு அப்பன். இந்த வேஷத்துக்கு தமிழ்நாடு அரசோட சிறப்புப் பரிசு கிடைச்சுது.

இவரை வெறும் காமெடி நடிகர்னோ ஐயர் வேஷக்காரர்னோ யாராவது சொன்னா நான் வேற எதுவும் சொல்றதில்ல, 'பசி' பாருங்கன்னு மட்டும் சொல்லிடுவேன்.

ஹீரோவா நடிச்சிருக்காரா?

நடிச்சிருக்கார், 1981ல 'எங்கம்மா மகாராணி'. அந்த வழில தொடர்ந்து போகல. போயிருந்தா நமக்குத்தான் நஷ்டம்.

எல்லாப் படத்துலயும் ஐயர் வேஷம்தானே, அதுல என்ன வெரைட்டி இருக்கு?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கும், ஆனா நியாயமான கேள்விதான், பதில் சொல்லணும். ஆமா, நெறைய ஐயர் வேஷம் பண்ணார், டைரக்டர்கள் அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஆனா வேஷ்டியும் விபூதியும் ஒண்ணா இருக்குன்னு ஆளும் ஒண்ணாயிருமா? மூணு பேரை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.

1987, 'நாயகன்'. பம்பாய் தாராவில வேலு நாயக்கர் பக்கத்துலயே இருக்கிற ஐயர். கடத்தல், போலீஸ், வெட்டுக்குத்துன்னு போற உலகத்துல ஒரு ஐயர் எப்படி வந்து சேர்ந்தார்னு படம் விளக்கிட்டு இருக்காது, அவர் நிக்கிற விதத்தைப் பாத்தே நாம நம்பிடுவோம். அங்க அவர் குரல் தணிஞ்சு இருக்கும், நாயக்கரைப் பாக்கிற பார்வைல விசுவாசமும் பயமும் கலந்திருக்கும்.

1990, 'மைக்கேல் மதன காமராஜன்'. பாலக்காட்டு மணி ஐயர், சமையல்காரர். இங்க பாஷையே வேற, அந்தப் பாலக்காட்டு இழுவை, வாக்கியத்தோட முடிவுல மேல போய் இறங்கற ராகம். நாயகன் ஐயரை இவர்கிட்ட கூட்டிட்டு வந்து நிறுத்தினா ரெண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம்கூட இருக்காது.

1996, 'அவ்வை ஷண்முகி'. ஜெமினி கணேசன் வீட்டைச் சுத்தி வர்ற சேதுராம ஐயர். பணக்கார முதலாளி முன்னாடி ஒரு முதுகு, முதலாளி அந்தப் பக்கம் போனதும் வேற முதுகு. நான் முதுகுன்னு சொல்றதை அப்படியே எடுத்துக்கலாம், முதுகைப் பாருங்க, குனியறதும் நிமிர்றதும் தெரியும்.

அந்த சாம்பார் மீன் சீன் பத்தி சொல்லுங்களேன்?

'மைக்கேல் மதன காமராஜன்' சீன்தானே, இதைக் கேக்காம யாரும் விடறதில்ல! கல்யாணத்துக்கு சமைக்கிற இடம், சுத்த சைவப் பந்தி, அந்த சாம்பாருக்குள்ள ஒரு மீன் மாட்டிக்கிடுது. கிரேஸி மோகன் வசனம், சிங்கீதம் சீனிவாச ராவ் டைரக்‌ஷன், மணி ஐயரோட வளர்ப்பு மகன் காமேஸ்வரனா கமல்.

நான் இதை எத்தனை தடவை பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல. ஒரு கட்டத்துல சிரிக்கறதை நிறுத்திட்டு மணி ஐயரை மட்டும் பாக்க ஆரம்பிச்சேன், அப்பதான் ஒண்ணு புரிஞ்சுது, அவர் அங்க காமெடியே பண்ணல. ஒரு சமையல்காரருக்கு இதைவிட பெரிய விபத்து கிடையாது. விஷயம் வெளில தெரிஞ்சா அந்தக் கல்யாணம் மட்டும் போகாது, இத்தனை வருஷ தொழில், பேரு, அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க, எல்லாம் போச்சு. அந்த மனுஷனோட வயித்துல புளி கரைக்கிறதை அவர் நிஜமா நடிக்கிறார், குரல் தானா கம்மிப் போகுது, கண்ணு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, பந்தில உக்காந்திருக்கிறவங்களுக்கு தெரியக்கூடாதுன்னு உடம்பை மட்டும் சாதாரணமா வச்சுக்கப் பாக்கிறார், முடியல. அவர் எவ்வளவு உண்மையா பயப்படறாரோ அவ்வளவு நாம சிரிக்கிறோம். அவரும் நம்ம கூட சேர்ந்து சிரிக்கிற மாதிரி நடிச்சிருந்தா அந்த சீன் ஒரு வாரத்துல மறந்து போயிருக்கும்.

கமல் படங்கள்ல மட்டும் ஏன் இவ்வளவு வேஷம்?

மட்டும்னு சொல்ல முடியாது, எல்லார் கூடவும் நடிச்சிருக்கார். ஆனா கமல் படங்கள்ல நல்ல வேஷங்கள் அமைஞ்சது உண்மை. எனக்குத் தோணற காரணம், அந்தக் காமெடிப் படங்களோட வேரே நாடக மேடைல இருக்கு. கமல் சின்னப் பையனா இருந்தப்ப டி.கே. சண்முகத்தோட நாடகக் குழுல இருந்தவர், 'அவ்வை ஷண்முகி'ங்கற பேரே அவ்வையார் வேஷம் கட்டிப் பேரு வாங்கின அவரை நெனச்சு வச்சதுதான். நாகேஷ் நாடகத்துலேர்ந்து வந்தவர். கிரேஸி மோகன் சொந்தமா ட்ரூப்பே வச்சிருந்தவர். இவங்க எல்லாருக்கும் ஒருத்தர் டயலாக்கை ஒருத்தர் விழாம பிடிச்சு அடுத்தவர்கிட்ட கொடுக்கத் தெரியும். அந்தச் சங்கிலில டெல்லி கணேஷ் சாரும் ஒரு கண்ணி. 2000ல வந்த 'தெனாலி'ல ஜெயராம் மேல பொறாமை பிடிச்ச டாக்டர் பஞ்சபூதமா வருவாரே, அங்கயும் இதே கணக்குதான்.

வில்லனா நடிச்சிருக்காரா?

'அபூர்வ சகோதரர்கள்', 1989. நாலு வில்லன்கள்ல ஒருத்தர், ஃபிரான்சிஸ் அன்பரசு. மத்த மூணு பேரு நாகேஷ், ஜெய்சங்கர், நாசர். ரெண்டு வருஷம் முன்னாடி நாயகன்ல விசுவாசமான ஐயரா பாத்த அதே முகத்துல இப்ப இரக்கமே இல்லாத ஒரு ஆள். கண்ணை உருட்டறது, பல்லைக் கடிக்கறதுன்னு எதுவும் கிடையாது. வீட்டுக்கு வர்ற ஒரு நல்ல விருந்தாளி மாதிரி இருப்பார், அதான் பயமா இருக்கும்.

உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வேஷம்?

'சிந்து பைரவி', 1985, மிருதங்க வித்வான் குருமூர்த்தி.

சிவகுமார் பண்ண ஜே.கே.பி. பெரிய பாடகர், ஒழுக்கம்னா ஒழுக்கம், அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிற குருமூர்த்திக்குக் குடிப்பழக்கம். கச்சேரிக்குக் குடிச்சிட்டு வந்து மாட்டிக்கிறார், ஜே.கே.பி. இவர் வாசிக்கவே வேண்டாம்னுட்டு மிருதங்கமே இல்லாம கச்சேரி பண்றார். சபை நிறைஞ்சு உக்காந்திருக்கு, தன்னோட வாத்தியம் இல்லாமலே பாட்டு போயிட்டிருக்கு, அதை அந்தக் கலைஞன் கேட்டுட்டு இருக்கான். நான் மேல சொன்னேனே கேக்கறதுல கெட்டிக்காரர்னு, அதுக்கு இதைவிட வேற சாட்சி எனக்கு வேணாம். அவமானம் இருக்கு, தப்பு தன் மேலதான்னு தெரியுது, பாட்டு அருமையா இருக்குன்னும் தெரியுது, எல்லாமே ஒரே முகத்துல.

அப்புறம் கதை திரும்புது, அதே ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகி விழறார். அப்ப குருமூர்த்தி முகத்துல பழிவாங்கின சந்தோஷம் வருதான்னு தேடிப் பாருங்க. ஒரு சுமாரான நடிகர் அதைக் கொஞ்சமாச்சும் காட்டியிருப்பார்.

நானூறு படத்துக்கு மேல நடிக்கிறது எப்படி சாத்தியம்?

ஹீரோவுக்கு ஒரு படம்னா மாசக்கணக்குல கால்ஷீட் போகும். குணச்சித்திர நடிகருக்கு ஒரு படத்துல அவர் வர்ற சீன்களை மட்டும் சேர்த்து எடுத்தா சில நாள்லயே வேலை முடிஞ்சிரும், அதனால ஒரே சமயத்துல பல படம் கைல இருக்கும். காலைல ஒரு செட்ல பணக்காரர், சாயங்காலம் இன்னொரு செட்ல கடன்காரர்னு மாறணும். ஷூட்டிங் முடிஞ்சாலும் வேலை முடியாது, டப்பிங் தியேட்டர்ல போய் தன்னோட உதட்டுக்கே திரும்ப டயலாக் பேசணும், அன்னிக்கு என்ன மனநிலைல பேசினோமோ அதை இருட்டுல மைக் முன்னாடி மறுபடி கொண்டு வரணும். நாடகத்துல ஒரே டயலாக்கை நூறு தடவை புதுசா பேசிப் பழகினவங்களுக்கு இதெல்லாம் மத்தவங்களைவிட சுலபமா வரும்.

இதுல ஒரு கஷ்டமும் இருக்கு. நானூறு படத்துல எல்லாமே நல்ல படமா இருக்காது, பல படத்துல அவருக்குக் கிடைச்சது ரெண்டே சீன், பொண்ணோட அப்பா, ஆபீஸ் மேனேஜர், கோயில் குருக்கள். அந்த ரெண்டு சீனுக்கும் அவர் பொய்யா வந்து நின்னதில்ல. டிவில ஏதோ ஒரு படம் ஓடிட்டு இருக்கும், யாரும் சரியா பாக்க மாட்டாங்க, திடீர்னு இவர் வந்து நாலு வரி பேசுவார், எங்க வீட்டுல எங்கம்மா கைல இருக்கிற வேலையை நிறுத்திட்டு நிமிர்ந்து பாப்பாங்க, "இவரு நல்லா பண்ணுவாருடா"ன்னு சொல்லிட்டு சீன் முடிஞ்சதும் திரும்பவும் குனிஞ்சுப்பாங்க.

என்னென்ன விருது?

'பசி'க்கு மாநில அரசோட சிறப்புப் பரிசு, 1994ல கலைமாமணி. தேசிய விருதோ பத்ம விருதோ வரல. இதுல எனக்கு ஆத்தாமை உண்டு, மறைக்கப் போறதில்ல. நாப்பத்தஞ்சு வருஷத்துக்கும் மேல ஒரு மொழியோட சினிமாவுல இப்படித் தாங்கி நின்னவரை டெல்லி, அவர் பேர்லயே இருக்கிற டெல்லி, கவனிச்சிருக்கலாம்.

கடைசி வரைக்கும் நடிச்சாரா?

ஆமா. டிவி சீரியல்ல நடிச்சார், 2016ல மகன் மகாவை வச்சு 'என்னுள் ஆயிரம்'னு படம் தயாரிச்சார். பேட்மேன் சென்னைக்காரனா இருந்தா எப்படி இருக்கும்னு பசங்க எடுத்த யூட்யூப் வீடியோல அந்த வீட்டுப் பெரியவரா, பேட்மேன் கதைல அவனைப் பாத்துக்கிற வீட்டு வேலைக்காரர் ஆல்ஃப்ரெட் மாதிரி வந்து நின்னார், தன் பேரப்பசங்க வயசு ஆளுங்க கூட. சின்னப் பசங்க ப்ராஜெக்ட்தானேன்னு அங்க ஒரு இடத்துலகூட அலட்சியம் தெரியாது.

2024 நவம்பர் 9ஆம் தேதி ராத்திரி சென்னைல காலமானார், எண்பது வயசு. மறுநாள் காலைல செய்தி பாத்தப்ப எனக்கு சொந்தத்துல ஒரு பெரியப்பா போன மாதிரிதான் இருந்துச்சு, நெறைய பேரு அதையேதான் சொன்னாங்க.

இப்பதான் பாக்க ஆரம்பிக்கிறேன், எதுல தொடங்கலாம்?

மைக்கேல் மதன காமராஜனை ஏற்கனவே பாத்திருப்பீங்க, அதனால அதை விடுங்க. முதல்ல 'சிந்து பைரவி', அடுத்த நாளே 'பசி', ஒரு வாரம் கழிச்சு 'அபூர்வ சகோதரர்கள்'. இந்த வரிசைல பாத்தா ஒரே ஆளான்னு சந்தேகம் வரும்.

நான் நாடகத்துல நடிக்கிறேன், அவர்கிட்டேர்ந்து எதைக் கத்துக்கலாம்?

அவர் இருக்கிற ஒரு நீளமான சீனை எடுத்துக்கோங்க, எதிர்ல இருக்கிறவர் பேசற சீனா இருக்கட்டும். முதல் தடவை சாதாரணமா பாருங்க. ரெண்டாவது தடவை சவுண்டை மியூட்ல போட்டுட்டு அவரை மட்டும் பாருங்க, எந்த வார்த்தைல அவர் கண்ணு மாறுதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க. மூணாவது தடவை சவுண்டோட பாத்து அந்தக் குறிப்போட ஒப்பிடுங்க. நான் 'சிந்து பைரவி'க்கு இதைச் செஞ்சு பாத்தேன், நான் குறிச்ச இடம் ஒவ்வொண்ணும் பாட்டுல ஒரு திருப்பத்துல வந்து விழுந்துச்சு, மிருதங்கம் கைல இல்லாமலே அவர் தாளம் போட்டுட்டுதான் இருந்திருக்கார்.